மறைந்த கலைஞரை மதிப்பிடுவது எப்படி?

(மாத்யூ நோவிக்கியைக் குறித்து லூயிஸ் மம்போர்டு எழுதிய நினைவுரை பற்றி ஓர் ஆராய்ச்சி)

கலைஞர் ஒருவர் இளமையிலேயே மாண்டுவிட்டால் நம்மவர் செய்யும் காரியங்கள் பெரும்பாலும் மூன்று. இரங்கற் கூட்டம் ஒன்று கூட்டுவர். படத்தைத் திறந்துவைத்து மாலை சூட்டுவர். பாட வல்லார் எவரேனும் இருப்பின் இரங்கற்பா ஒன்று பாடுவித்து அச்சிட்டு வழங்குவர். "விதி வலிது" என்று ஒருவர் கூற, "ஆம், ஆம்" என்று மற்றவர் தலையசைக்கக் கூட்டம் கலையும். மறைந்தவர் செய்து முடித்த வேலை யாது, அதன் தரம் எத்தகையது, முடியாமல் நின்றது எது, அதனை முடிக்க வேண்டிய கடமை யாருடையது என்னும் வினாக்களை எழுப்புவோர் மிக அரியர். யாரேனும் எழுப்பினால், "இறந்தவரைக் குறை கூறலாமோ?" என்று அவர் வாயை அடைத்துவிடுவதும் உண்டு.

நம் பழைய மரபு இவ்வளவில் நிற்கவில்லை. பாரி மாண்டபின் அவன் நண்பர் கபிலர் பாடிய கையறுநிலைப் பாட்டுக்கள் புறநானூற்றில் உள்ளன என்பதைக் கற்றோர் அறிவர். ஆனால் கபிலர் பாடியதோடு அமையவில்லை. தந்தையை இழந்த பாரி மகளிரைத் தாமே அழைத்துக்கொண்டு வேளிர்தம் வாயில்களுக்குச் சென்றார். நண்பன் விட்டுச்சென்ற பொறுப்பைத் தம் தோளில் ஏற்றலே நட்பு என்பதை அவர் செயலால் காட்டினார். கலைஞன் ஒருவன் விட்டுச் செல்லும் பொறுப்பு அவன் வேலை. அதனை ஆராய்ந்து, காத்து, எஞ்சியதை முடித்து வைப்பதே அவன் நண்பர் செய்யத்தக்க கடமை.

இக்கடமையை ஒருவர் எவ்வளவு தூரம் நிறைவேற்றினார், எங்கே தவறினார் என்பதைக் காண்பதற்கு மேனாட்டில் நிகழ்ந்த ஒன்றை இங்கு எடுத்துக்கொள்வோம். போலந்து நாட்டுக் கட்டடக் கலைஞர் மாத்யூ நோவிக்கி, 1950ஆம் ஆண்டில், தம் நாற்பதாம் வயதில், ஆகாய விமான விபத்தில் உயிர் துறந்தார். அவருடைய நண்பரும், நகரங்களைப் பற்றியும் கட்டடங்களைப் பற்றியும் எழுதிப் புகழ்பெற்ற அமெரிக்க அறிஞருமாகிய லூயிஸ் மம்போர்டு, 1954ஆம் ஆண்டு ஜூன் முதல் செப்டம்பர் வரை 'ஆர்க்கிடெக்சரல் ரிகார்டு' என்னும் மாத இதழில் நான்கு கட்டுரைகள் எழுதினார். நோவிக்கியின் வாழ்வு, போதனை, கட்டடக் கலை என்னும் மூன்றையும் அவை எடுத்துரைக்கின்றன.

கட்டடக் கலையைப் பற்றித் தோட்டத்துத் தொழிலாளிக்கும் பட்டணத்துக் கடைச் சிப்பந்திக்கும் என்ன கவலை என்று கேட்பாரும் உளர். நம் பாட்டன்மார் வாழ்ந்த லயங்களை நினைப்பவர் அவ்வாறு கேளார். நீண்ட ஒரே கூரையின்கீழ் அறை அறையாக அடுக்கி, மறைவும் காற்றோட்டமும் போதாத சிறு இடத்தில் குடும்பங்களை அடைத்ததும் யாரோ ஒருவர் வரைந்த படத்தின்படியேதான். தலைக்கு இத்தனை அடி என்று கணக்கை மட்டும் எண்ணி வரையும் படம் ஒன்று. அதனுள் சமைத்து, உறங்கி, பிள்ளை பெற்று, நோயுற்றுக் கிடக்கப் போகும் மனிதரை எண்ணி வரையும் படம் வேறொன்று. நோவிக்கி தம் இறுதி ஆண்டுகளில் ஓயாது சிந்தித்தது இவ்வேற்றுமையைப் பற்றியேயாம். ஆகவே அவர் வரலாறு நமக்கும் உரியதே.

வாழ்வு

நோவிக்கி 1910ஆம் ஆண்டில் சைபீரியாவிலுள்ள சீதா என்னும் ஊரில் போலிஷ் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் அரசாங்கத் தூதுத் துறையில் அலுவல் பார்த்தவராதலின், இளம்பருவத்தில் சில காலம் அமெரிக்காவிலுள்ள சிகாகோ நகரிலும் அவர் வளர நேர்ந்தது. வார்சா நகரத்துத் தொழிற் கல்லூரியில் கட்டடக் கலை பயின்று 1936ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். உடன் பயின்ற ஸ்தானிஸ்லாவா என்னும் அம்மையாரை மணந்தார். இருவரும் சேர்ந்தே வரைந்தனர். சேர்ந்தே போட்டிகளில் கலந்துகொண்டனர். விளம்பரச் சித்திரங்கள் தீட்டுவதிலும் இருவரும் வல்லவர்.

1939ஆம் ஆண்டில் ஜெர்மானியர் போலந்தின்மீது படையெடுத்தனர். போலிஷ் இளைஞர் உயர்கல்வி பெறுதல் தடை செய்யப்பட்டது. நோவிக்கியோ, கட்டடத் தொழில் கற்பிக்கும் சாதாரணப் பள்ளி என்னும் போர்வைக்குள் மறைவாகக் கட்டடக் கலையைப் போதித்து வந்தார். பிடிபட்டிருந்தால் சிறை, அல்லது மரணம். 1944ஆம் ஆண்டில் வார்சா மக்கள் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சியை அடக்கிய ஜெர்மானியர், நகரைத் தெருத் தெருவாக வெடிவைத்தும் தீயிட்டும் அழித்தனர். 1945ஆம் ஆண்டு ஜனவரியில் நகரம் விடுபட்டபோது அங்கு எஞ்சியிருந்தது பெரும்பாலும் கல்லும் சாம்பலுமே. அந்நகரை மீண்டும் எழுப்புவதற்கு அமைக்கப்பட்ட காரியாலயத்தில் நகர நடுப்பகுதிக்குத் திட்டம் வரையும் வேலையில் நோவிக்கி ஈடுபட்டார்.

முப்பத்தைந்து வயதிற்குள் தம் நகரம் முழுதும் மண்ணோடு மண்ணாவதைக் கண்ட ஒருவர், கட்டடம் என்பதை வெறும் அழகுப் பொருளாக இனிக் கருத முடியுமோ? இக்கேள்வியை மனத்திற் கொண்டால்தான் அவருடைய பிற்காலக் கருத்துக்கள் விளங்கும்.

1945ஆம் ஆண்டின் இறுதியில் போலிஷ் அரசாங்கத்தின் சார்பில் அவர் அமெரிக்கா சென்றார். நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்திற்குத் தலைமை நிலையம் கட்டும் திட்டத்தில் 1947ஆம் ஆண்டில் ஆலோசகருள் ஒருவராக இருந்தார். தாய்நாட்டில் ஒரே கட்சியின் ஆட்சி வேரூன்றியபின் திரும்பிச் செல்ல மனமின்றி அமெரிக்காவிலேயே தங்கினார். 1948ஆம் ஆண்டில் வட கரோலினா மாகாணத்தின் தலைநகராகிய ராலியில், அரசாங்கக் கல்லூரியில் புதிதாகத் தொடங்கப்பட்ட கலைப் பள்ளியில் கட்டடக் கலைத் துறையின் தலைவரானார். மம்போர்டும் அங்கு வந்து பாடம் சொல்வதுண்டு. பதினைந்து வயது மூத்தவராகிய மம்போர்டுக்கும் நோவிக்கிக்கும் இடையே நட்பு முதிர்ந்த இடங்களுள் ராலியும் ஒன்று.

நிலைத்து நிற்கும் ஒரு கட்டடம்

நோவிக்கியின் பெயரைச் சொல்லி நாம் இன்று சுட்டிக்காட்டத்தக்க பெரிய கட்டடம் ஒன்றே ஒன்றுதான். ராலி நகரில் ஆண்டுதோறும் நடைபெறும் மாகாண விவசாயச் சந்தைக்காக அவர் திட்டமிட்ட கூடம் அது. அவர் உயிரோடிருந்தபோது அது தாளில் மட்டுமே இருந்தது. அவருடன் கூட்டாக அவ்வேலையை ஏற்றிருந்த ராலி நகரத்துக் கட்டடக் கலைஞர் வில்லியம் டீட்ரிக் என்பவரும், எஞ்சினீயர் பிரெட் செவரூட் என்பவரும் அவர் இறந்தபின் அதனைக் கட்டி 1952ஆம் ஆண்டில் முடித்து வைத்தனர். 1961ஆம் ஆண்டு முதல் அது டார்ட்டன் கூடம் என்று வழங்கப்படுகின்றது.

அதன் அமைப்பைச் சிறிது விளக்குவோம். நம் வீடுகளில் கிடக்கும் கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொள்க. சுற்றிலும் மரச்சட்டம், நடுவே பின்னிய கயிறு. படுத்திருப்பவரின் பாரத்தைக் கயிறு இழுவிசையால் தாங்குகின்றது. அவ்விழுப்பைச் சட்டம் அழுத்தத்தால் தாங்குகின்றது. கயிற்றுக்கு இழுக்கும் வேலை. சட்டத்திற்கு எதிர்த்து நிற்கும் வேலை. இரண்டும் தத்தம் இயல்புக்கேற்ற வேலையையே செய்வதால், சிறிதளவு பொருளே பெரும் பாரத்தைச் சுமக்கின்றது.

நோவிக்கியின் கூடமும் இவ்வுண்மையின்மேல் எழுந்ததே. இரும்புக் கம்பியிட்ட சிமிட்டியால் ஆன இரண்டு பெரும் வளைவுகள், ஏறத்தாழ 90 அடி உயரமுள்ளவை, எதிரெதிர்த் திசைகளில் வெளிப்புறமாகச் சாய்ந்து நிற்கின்றன. இரு பக்கங்களிலும் தரைக்குச் சற்று மேலே அவை ஒன்றையொன்று குறுக்கிட்டு வெட்டுகின்றன. அவ்விரு வளைவுகளுக்கும் இடையே எஃகு வடங்கள் கட்டப்பட்டு, அவற்றின்மேல் கூரை கிடக்கின்றது. வளைவுகள் தம் எடையால் வெளியே விழ முயல்கின்றன. வடங்கள் அவற்றை உள்ளே இழுக்கின்றன. ஒன்றின் ஆசையை மற்றொன்று தடுப்பதால் இரண்டும் அசையாது நிற்கின்றன. வளைவுகளின் அடிகள் விலகிப் போகாதபடி நிலத்தின் கீழும் வடங்கள் பிணிக்கின்றன. கூரை குதிரைச் சேணத்தைப் போல ஒரு திசையில் தாழ்ந்தும், குறுக்குத் திசையில் உயர்ந்தும் காணப்படும். உள்ளே ஒரு தூணும் இல்லை. சுற்றுப்புறத்திலுள்ள மெல்லிய தூண்கள் கண்ணாடிகளைத் தாங்கும் சட்டங்களாகவும் பயன்படுகின்றன. ஏறத்தாழ 5,000 பேர் அமரக்கூடிய அக்கூடத்தில் எந்த இருக்கையிலிருந்து பார்த்தாலும் நடுக்களம் மறைவின்றித் தெரியும்.

இத்தகைய கூடம் எதற்காகக் கட்டப்பட்டது? அரசர் முடிசூடுவதற்கன்று, செல்வர் இசை கேட்பதற்கன்று. விவசாயிகள் தாம் வளர்த்த ஆடுமாடுகளைக் கொண்டுவந்து நிறுத்தி, எது சிறந்தது என்று மதிப்பிட்டுப் பரிசு பெறுவதற்காக! மாட்டுச் சந்தைக்குத் தகரக் கொட்டகை போதும் என்றே எவரும் சொல்லியிருப்பர். தம் காலத்தின் மிக நுட்பமான அறிவையும் மிகத் துணிந்த கற்பனையையும் நோவிக்கி உழவன் காலடியில் கொண்டுவந்து வைத்தார். இக்கட்டடத்தைப் போற்றுவோர் பெரும்பாலும் கூரையின் நுட்பத்தையே போற்றுவர். நாமோ அதனை யாருக்காகக் கட்டினார் என்பதையும் சேர்த்துப் போற்றுகின்றோம்.

அதன் செல்வாக்கு வெகு தூரம் பரவியது. 1950ஆம் ஆண்டில் அமெரிக்கா வந்திருந்த பிரெய் ஓட்டோ என்னும் ஜெர்மானிய மாணவர், செவரூடின் நியூயார்க் காரியாலயத்தில் இக்கூடத்தின் படங்களைக் கண்டார். தொங்கு கூரைகளைப் பற்றியே அவர் ஆராய்ச்சி செய்து 1954ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டார். 1972ஆம் ஆண்டு ஒலிம்பிக் பந்தயங்களுக்காக மியூனிச் நகரில் வலை விரித்தாற்போல் எழுந்த கூரைகளில் அவர் கைவண்ணம் உண்டு. போலந்தில் நோவிக்கியின் நகரத்தை அழித்த நாட்டைச் சேர்ந்த இளைஞர் ஒருவரே நோவிக்கியின் கருத்தை வளர்த்தார் என்பது நினைவில் வைக்கத்தக்கது.

தாளில் நின்றுவிட்ட நகரம்

1947ஆம் ஆண்டில் இந்தியா பிரிவினையுற்றபோது பஞ்சாபும் இரண்டாயிற்று. அதன் பழைய தலைநகராகிய லாகூர் பாகிஸ்தானுக்குச் சென்றது. இந்தியப் பஞ்சாபுக்குப் புதுத் தலைநகர் வேண்டியிருந்தது. அகதிகள் இலட்சக் கணக்கில் வந்து குவிந்திருந்தனர். சிவாலிக் மலையடியில் இடம் தேர்ந்தெடுக்கப்பட்டு, முதலில் 1,50,000 பேருக்கும், பின்னர் 5,00,000 பேருக்கும் ஏற்ற நகரம் ஒன்றுக்குத் திட்டம் தருமாறு ஆல்பர்ட் மேயர் என்னும் அமெரிக்கர் கேட்டுக்கொள்ளப்பட்டார். அவருடன் சேர்ந்து கட்டடங்களின் உருவத்தை வகுக்கும் பொறுப்பை நோவிக்கி ஏற்றார். அதுவே சண்டிகார்.

1950ஆம் ஆண்டில் நோவிக்கி இந்தியாவுக்கு வந்து, அவ்விடத்தைக் கண்டு, நகரத்திற்கும் வீடுகளுக்கும் கோட்டுருவங்கள் பல வரைந்தார். நகரத்தின் உருவத்தை அவர் ஓர் இலையாகக் கண்டார். நடு நரம்பிலிருந்து கிளை நரம்புகள் பிரிவதுபோல் சாலைகள் பிரியும். நரம்புகளுக்கிடையே மக்கள் குடியிருப்புக்கள் அமையும். வண்டிகள் ஓடும் சாலை வெளியே. நடந்து செல்லும் பாதையும் பள்ளிக்கூடமும் கடைத்தெருவும் உள்ளே. வெயில் கொளுத்தும் நாட்டிற்கேற்பச் செங்கற்சுவர்களும், நிழல் தரும் ஒடுக்கமான தெருக்களும், முற்றமுள்ள தாழ்ந்த வீடுகளும் அவர் படங்களில் காணப்படுகின்றன. நியூயார்க்கில் கண்ட கண்ணாடி மாளிகைகளை அவர் பஞ்சாபுக்குக் கொண்டுவந்து நடவில்லை.

அவ்வேலையிலிருந்து அமெரிக்கா திரும்பும்போதுதான் முடிவு நேர்ந்தது. பம்பாயிலிருந்து கெய்ரோ, ரோம் வழியாக நியூயார்க் செல்லும் விமானம், 1950ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் கெய்ரோவை விட்டுக் கிளம்பியபின் இயந்திரத்தில் தீப்பற்றி விழுந்தது. அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். அவருள் நோவிக்கியும் ஒருவர்.

இந்திய அரசாங்கத்தின் அதிகாரிகள் வேறு கலைஞரைத் தேடி ஐரோப்பா சென்றனர். லே கொர்புசியே, அவர் உறவினர் பியர் ஜான்னரே, ஆங்கிலேயராகிய மாக்ஸ்வெல் பிரை, அவர் மனைவியார் ஜேன் ட்ரூ ஆகியோர் பொறுப்பேற்றனர். 1951ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கொர்புசியே, மேயரின் படத்திலிருந்த வளைந்த சாலைகளை நிமிர்த்தி நேர்க்கோடுகளாக்கினார். ஆயினும் தலைமைக் கட்டடங்கள் நகரின் தலைப்பகுதியில் அமைவதும், பெருஞ்சாலைகளால் சூழப்பட்ட தனித்தனிக் குடியிருப்புப் பகுதிகளும், இடையிடையே பசும்புல் வெளிகளும் பழைய திட்டத்திலிருந்தே வந்தவை. சண்டிகாரைப் பார்ப்போர் கொர்புசியேயின் பெயரை மட்டுமே சொல்லுகின்றனர். அடியில் மறைந்து கிடக்கும் மேயரையும் நோவிக்கியையும் நினைப்பவர் சிலரே.

நண்பரின் எழுத்து

இனி மம்போர்டின் கட்டுரைகளுக்கு வருவோம். இளமையில் இறந்தவரைப் பற்றி எழுதுவது அவருக்குப் புதிதன்று. அவருடைய ஒரே மகன் கெடிஸ் 1944ஆம் ஆண்டில் இத்தாலியப் போர்முனையில் பத்தொன்பது வயதில் மாண்டான். அவனைப் பற்றி அவர் 1947ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதினார். அந்தத் துயரத்திற்குப் பின்னரே நோவிக்கியின் மறைவும் வந்து சேர்ந்தது. ஆதலால் அவர் கட்டுரைகளில் கண்ணீர் பெருக்கெடுத்திருந்தால் எவரும் குறை கூறார். அவரோ உடனே எழுதிவிடவில்லை. நான்காம் ஆண்டில், நோவிக்கியின் படங்களை முன்வைத்து, அவற்றைச் சான்றாகக் கொண்டு எழுதினார். அவர் செய்த முதல் நன்மை இதுவே. அச்சாகாமல் கிடந்த கோட்டுருவங்கள் கற்றோர் கண்ணிற்பட்டன. சாவோடு சாவாக அழிந்திருக்க வேண்டியவை பிழைத்தன.

இரண்டாவது நன்மை, நோவிக்கியின் கருத்து மாற்றத்தை அவர் எடுத்துக்காட்டியது. கொர்புசியேயின் எழுத்துக்களால் கவரப்பட்ட தலைமுறையைச் சேர்ந்த நோவிக்கி, பிற்காலத்தில் அவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றவில்லை. அவர் இறந்த மறு ஆண்டு, 1951இல், ஒரு கட்டுரை வெளிவந்தது. பயனுக்கேற்ப உருவம் அமைகின்றது என்று நவீன கலைஞர் பறைசாற்றுகின்றனர். உண்மையில் ஓர் உருவத்தைப் பார்த்து மற்றோர் உருவம் பிறக்கின்றது. நவீனமும் இப்போது ஒரு பாணியாகிவிட்டது. அதை ஒப்புக்கொள்வதே நேர்மை என்பது அதன் சாரம். ஒரு பயனுக்கு மட்டும் இறுகப் பொருந்தும் கட்டடத்தைவிட, மாறும் தேவைகளுக்கு நெகிழ்ந்து கொடுக்கும் கட்டடமே காலத்திற்கேற்றது என்றும் அவர் கூறினார். தாம் சார்ந்த கூட்டத்தின் கோஷத்தையே சோதித்துப் பார்க்கும் துணிவு இது. பகுத்தறிவு என்பது பிறர் நம்பிக்கைகளை ஆராய்வதற்கு மட்டும் உரிய கருவியன்று.

மம்போர்டு ஏன் நோவிக்கியிடம் இவ்வளவு ஈடுபாடு கொண்டார்? மகனுக்குப் பெயரிடும் அளவுக்கு மம்போர்டு மதித்த ஆசான் பாட்ரிக் கெடிஸ் என்னும் ஸ்காத்லாந்து அறிஞர். கெடிஸ் நம் தாயகத்தோடு தொடர்புடையவர். 1914ஆம் ஆண்டில் அவர் சென்னைக்கு வந்தார். அவருடைய நகரக் கண்காட்சிப் படங்களை ஏற்றிவந்த கப்பலை, சென்னையைச் சுட்டு, பினாங்குத் துறைமுகத்திலும் புகுந்து கப்பல்களை அழித்த அதே 'எம்டன்' மூழ்கடித்தது. கெடிஸ் சோர்வடையவில்லை. சென்னை மாகாணத்து ஊர்கள் பலவற்றை நடந்து பார்த்து அறிக்கை எழுதினார். தஞ்சையும் மதுரையும் அவற்றுள் அடங்கும். பழைய தெருக்களை இடித்துத் தள்ளி அகலச் சாலை போடுவதே சீர்திருத்தம் என்று அதிகாரிகள் எண்ணிய காலத்தில், நோயாளியைச் சோதித்து, வேண்டிய இடத்தில் மட்டும் கத்தி வைக்கும் வைத்தியனைப்போல் நகரத்தையும் நடத்த வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். அந்த உபதேசத்தில் வளர்ந்த மம்போர்டு, பஞ்சாபின் வெயிலையும் வாழ்க்கையையும் உற்றுப் பார்த்து வரைந்த நோவிக்கியிடம் தம் ஆசானின் வழியைக் கண்டார் என்று கொள்ளுதல் பொருந்தும்.

இங்கேதான் நாம் எச்சரிக்கையாயிருக்க வேண்டும். தாம் தேடிக்கொண்டிருந்த கலைஞன் இவனே என்று மம்போர்டு முன்னரே முடிவு செய்துவிட்டார். இயந்திர அறிவையும் மனித உணர்ச்சியையும் ஒன்றுசேர்க்க வல்லவர் நோவிக்கி என்பது அவர் தீர்ப்பு. இத்தீர்ப்பின் முற்பாதிக்கு ராலிக் கூடம் சாட்சி. வெயிலும் மழையும் பட்டு இன்றளவும் நிற்கின்ற சாட்சி. பிற்பாதிக்குச் சாட்சியாவன சண்டிகார்ப் படங்கள் மட்டுமே. தாளில் வரைந்த முற்றத்தில் எவரும் குடியிருந்து பார்த்ததில்லை. படத்திலுள்ள கடைத்தெருவில் எவரும் வெயிலில் நடந்ததில்லை. கட்டும்போது செலவு குறைக்கப்படும், அதிகாரி குறுக்கிடுவார், ஒப்பந்தக்காரர் ஏமாற்றுவார். அத்தனையையும் கடந்து நின்றதே கட்டடம். நோவிக்கி உயிரோடிருந்தால் சண்டிகார் இன்பபுரியாயிருக்கும் என்று பேசுவது, முடியாத வழக்கிற்குத் தீர்ப்பெழுதுவது போன்றது. கொர்புசியேயின் நகரம் குறைகளோடு கட்டப்பட்டது. நோவிக்கியின் நகரத்திற்குக் குறைபட வாய்ப்பே கிடைக்கவில்லை. இவ்விரண்டையும் ஒரே தராசில் நிறுத்தல் நீதியாகாது.

மற்றொரு வினாவும் உண்டு. மனிதனுக்காகக் கட்டுவோம் என்றால், எந்த மனிதனுக்காக? நோவிக்கி போதித்த அதே ராலிக் கல்லூரியில், இளநிலை வகுப்புக்களில் கறுப்பின மாணவர் சேர 1956ஆம் ஆண்டு வரையில் வழியில்லை. சண்டிகாரில் அரசாங்க ஊழியருக்காகக் கட்டிய வீடுகள், மந்திரி முதல் பியூன் வரை சம்பளப் படிக்கேற்பப் பதின்மூன்று வகைகளாக வகுக்கப்பட்டன. நகரத்தைக் கட்டிய கூலிகளோ குடிசைகளில் கிடந்தனர். இக்குற்றங்கள் நோவிக்கியினுடையவை அல்ல. ஆனால் மனித நேயம் என்னும் சொல்லை ஒரு கலைஞரின் புகழாகச் சூட்டும்போது, அச்சொல் யார் வீட்டு வாசல் வரை சென்றது என்று கேட்பது விமர்சகர் கடமை.

பேசப்படாத பெயர்கள்

மம்போர்டின் கட்டுரைகள் நோவிக்கி என்னும் ஒருவர் பெயரைத் தாங்கி வந்தன. உலகமும் அவ்வொரு பெயரையே சொல்லுகின்றது. ஆனால் கட்டடம் ஒருவர் கைவேலையன்று; கவிதையைப்போல் தனியறையில் முடிவதன்று. செவரூடின் கணக்கு இல்லையேல் அந்தக் கூரை நில்லாது. டீட்ரிக்கின் பிடிவாதம் இல்லையேல், இறந்தவரின் படம் பெட்டிக்குள்ளேயே மக்கியிருக்கும். தம் பெயரை முன்னிறுத்தும் பொருட்டு அவர் நண்பரின் படத்தை உருமாற்றிவிடவில்லை. நண்பர் வகுத்த உருவத்தையே கட்டி எழுப்பினார். கபிலர் பாரி மகளிரை அழைத்துச் சென்றதற்கு ஒப்பான செயல் இதுவே என்போம்.

ஸ்தானிஸ்லாவா அம்மையாரின் நிலை இதனினும் கவனிக்கத்தக்கது. கணவரோடு சமமாகக் கற்று, சமமாக வரைந்தவர் அவர். கணவர் மறைந்தபின் பிலடெல்பியா நகரிலுள்ள பென்சில்வேனியாப் பல்கலைக் கழகத்தில் கட்டடக் கலைப் பேராசிரியராகப் பல்லாண்டுகள் பணியாற்றி, தலைமுறை தலைமுறையாக மாணவரைப் பயிற்றினார். 2018ஆம் ஆண்டில், நூறு வயதைக் கடந்தபின், மறைந்தார். இளமையில் இறந்தவரை நினைக்கும் உலகம், உடன் உழைத்து உயிரோடிருப்பவரை "அவர் மனைவி" என்னும் இரண்டு சொல்லில் ஒதுக்கிவிடுகின்றது. கைம்பெண்ணுக்குப் பரிவு காட்டத் தெரிந்தவர்க்கு, அவள் கலைஞர் என்று மதிக்கத் தெரிவதில்லை. இருவர் சேர்ந்து வரைந்த கோடுகளில் யாருடையது எது என்று பிரித்தறிய முடியாதிருக்கலாம். அதன் பொருட்டே இருவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுதல் முறையாகும்.

முடிவாக

மம்போர்டின் நினைவுரையில் மிகை உண்டு. ஆயினும் நாம் அதனைப் போற்றுவதற்குக் காரணம், அந்த மிகையை அளந்து பார்ப்பதற்கு வேண்டிய பொருளையும் அவரே நம் கையில் கொடுத்துவிட்டார் என்பது. படங்களை அச்சிட்டார், கருத்துக்களை விளக்கினார், எது கட்டப்பட்டது, எது கட்டப்படவில்லை என்பதை மறைக்கவில்லை. அவர் தீர்ப்போடு நாம் மாறுபடலாம். மாறுபடுவதற்குரிய சான்று அவர் எழுத்திலேயே கிடைக்கின்றது. இரங்கற்பாவில் இது கிடையாது. அங்கே மறைந்தவர் வானத்து நட்சத்திரமாகிவிடுகின்றார். நட்சத்திரத்தை யார் அளக்க முடியும்?

நம் நாட்டிலும் இளமையில் மறைந்த கலைஞர் பலர். தோட்டத்துப் பள்ளியில் நாடகம் எழுதி நடித்தவர், பட்டணத்தில் சித்திரம் தீட்டியவர், கையெழுத்துப் பத்திரிகை நடத்தியவர் என எத்தனையோ பேர் நாற்பது வயதைக் காணாமல் சென்றனர். அவர்களுள் எத்தனை பேருடைய கையெழுத்துப் படிகள் இன்று எவர் வீட்டிலேனும் பத்திரமாக இருக்கின்றன? நினைவு நாளில் மாலைக்குச் செலவிடும் பணத்தில் சிறு பகுதியேனும் அப்படிகளைத் தேடித் தொகுத்து அச்சிடுவதற்குச் செலவாகட்டும். அவர் எழுதியதில் நல்லது இது, குறையுள்ளது இது என்று நண்பரே முன்வந்து எழுதட்டும். உடன் உழைத்தவர் பெயரும், வீட்டிலிருந்து துணை புரிந்த பெண்டிர் பெயரும் அதில் இடம் பெறட்டும். இறந்த நண்பனுக்கு நாம் செய்யக்கூடிய உதவி இவ்வளவே. இதைச் செய்யப் பெரிய அறிஞராயிருக்க வேண்டும் என்பதும் இல்லை.